மூச்சு வாங்கினால் முழங்கால் ஏன் துவள்கிறது?

கேள்வி: ராஜீவ் சௌக்கில் மெட்ரோவைப் பிடிக்க நாலு எட்டு ஓடினால் மூச்சு வாங்குகிறது, அது நியாயம். கால் ஏன் துவண்டுபோகிறது? நுரையீரலுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, கரோல் பாக், டெல்லி

பதில்: சம்பந்தம் பேசி முடித்தவர் உங்கள் ஊர்க்காரர்தான். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் நெடுங்காலம் இயக்குநராக இருந்த அவதார் சிங் பெயின்டால். நுரையீரலின் தந்துகிகளை ஒட்டிச் சில நரம்பு முனைகள் ஒளிந்திருப்பதை 1950-களில் கண்டுபிடித்தார். ‘ஜே ரிசெப்டர்’ என்று பெயர்.

தந்துகிகளில் அழுத்தம் ஏறி, சுற்றிலும் நீர் கசியத் தொடங்கினால் இவை விழித்துக்கொள்ளும். வேகஸ் நரம்பு வழியே மூளைக்குப் புகார் போகும். மூச்சு சிறிதாகி வேகமெடுக்கும். கூடவே தண்டுவடத்துக்கு ஓர் உத்தரவு: ‘கால் தசைகளை அடக்கு!’ பூனைகளில் இந்த முனைகளைத் தூண்டியபோது, முழங்காலைத் தட்டினால் கால் உதறுமே, அந்த உதறலே அடங்கிப்போனது. உடம்பு ஒரேயடியாய் முறிந்துவிடாமல், ஓடுகிறவரை நிறுத்துவதற்கான ஏற்பாடு இது என்பது பெயின்டாலின் வாதம். மனிதரிடம் இதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். தசையின் சொந்தக் களைப்பும் சேர்ந்துகொள்ளுமே.

லண்டன் ராயல் சொசைட்டி 1981-இல் பெயின்டாலை உறுப்பினராக்கியது. உங்களுக்கு என் யோசனை: அடுத்த வண்டியில் போங்கள். உட்கார இடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள், அது நரம்பியல் அல்ல, ஜோசியம்!