மியாஜிமாவுக்குக் கட்டுச்சோறு

ஹிரோஷிமா

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனில் நீ கேட்டது இதுதான்: "அந்தக் கடல் கோயிலுக்கு ஒரே நாள்ல போயிட்டு வந்துரலாமாடா? அப்படின்னா புளிச்சோறு கட்டிக்கிறலாமா?" முதல் கேள்விக்கு ஒரு வார்த்தை போதும்: போகலாம். இரண்டாவதுக்குத்தான் இந்தக் கடிதம்.

ஹிரோஷிமாவில் ரயிலேறினால் அரை மணியில் மியாஜிமாகுச்சி. அங்கிருந்து மியாஜிமா தீவுக்குப் படகு, பத்தே நிமிஷம். டிக்கெட்டோடு தலைக்கு 100 யென் வரியும் பிடிப்பார்கள். 2023 அக்டோபரில் ஆரம்பித்த வரி. மச்சான் பேரம் பேச வேண்டாம், படகில் வலது பக்கமாய் நின்றால் போதும். தண்ணீருக்குள் நிற்கிற கோயிலின் செந்தூர வாசல் அந்தப் பக்கம்தான் தெரியும்.

இனி புளிச்சோறு. தீவு முழுக்க மான். விராலிமலை மயிலாவது நம்மைக் கண்டால் நாலடி தள்ளிப் போகும். இவை நேரே வந்து பையை மோந்து பார்க்கும். தீனி போடாதீர்கள் என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். மான் படிக்கவில்லை. போன வசந்தத்தில் என் பின்பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த வரைபடத்தை ஒரு கிழட்டு மான் முதலில் மூக்கால் தட்டியது, பிறகு உதட்டால் நுனியைப் பிடித்து உருவியது. நான் திரும்புவதற்குள் படகுத்துறையும் கடைவீதியும் அதன் வாய்க்குள். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பாட்டி குனிந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார், மான் சார்பில்.

காகிதத்தையே விடாத மான், நம் அம்மா நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறிய சோற்றை விடுமா? சரி, சுற்றி நின்று மறைத்துச் சாப்பிட்டுவிட்டோம் என்றே வை. இலையை எங்கே போடுவாய்? தீவில் குப்பைத்தொட்டி தேடினாலும் கிடைப்பது அரிது. மான் கிளறித் தின்று வயிறு கெட்டுப் போகும் என்பதால், உன் குப்பை உன்னோடு. இலை, கட்டிய நூல், ஊறுகாய்ப் பொட்டலம், கை துடைத்த தாள், அத்தனையும் கோயில், மலை, கடைவீதி எல்லாம் நம்மோடு சுற்றிப் பார்த்துவிட்டுப் படகேறி வீடு வரும். வந்த பிறகு அதைப் பிரிக்கணும். எரிகிற குப்பைக்கு ஒரு கிழமை, பிளாஸ்டிக்குக்கு வேறு கிழமை. பாட்டில் ஒரு வகை, அதன் மூடி இன்னொரு வகை, அதில் சுற்றிய தாளை உரித்துத் தனியாகப் போடணும். எண்ணெய் ஊறிய பொட்டலத்தைக் கழுவித்தான் போடணும். குப்பையைக் குளிப்பாட்டிக் கிழமை பார்த்து வழியனுப்புகிற ஊர் இது. மச்சானின் வெற்றிலை எச்சில் எந்த வகை என்று எங்கள் கட்டடத்துப் பலகையில் இல்லை. நல்லவேளை, சான்றிதழ் இல்லாத பச்சை இலையை விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். மச்சானிடம் இதை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

ஆகவே வாழையிலை கிடையாது. எவர்சில்வர் அடுக்கு கொண்டு வா. புளிக்காய்ச்சலைப் பெரிய பெட்டியில் வை, கைப்பையில் வைத்தால் திருச்சியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

எந்த நாள் போவது என்பதுதான் அடுத்த சிக்கல். அந்த வாசல் தண்ணீரில் மிதக்கிறதா, சேற்றில் நிற்கிறதா என்பது நேரத்தைப் பொறுத்தது. நம் மணமேல்குடிக் கடல் மாதிரி முழங்காலளவு ஏறி இறங்குகிற கடல் இல்லை இது, நாலு மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரும். ஏறினால் கோயிலே மிதக்கும், இறங்கினால் வாசல் வரை நடந்தே போகலாம். ஒரே நாளில் இரண்டையும் நன்றாகப் பார்க்க அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போகணும். அமாவாசைக்கு அம்மா விரதம். பௌர்ணமி என்று வைத்துக்கொள்வோம்.

கோயிலை இன்றிருக்கிற அளவில் எழுப்பியவர் கியோமோரி என்ற பிரபு, 1168இல். இப்போதுள்ள வாசல் 1875இல் வைத்தது. பதினாறு மீட்டர் உயரம், அறுபது டன் எடை. தூண்களை மண்ணில் புதைக்கவில்லை, தன் பாரத்திலேயே நிற்கிறது. பெரிய தூண் இரண்டும் கற்பூர மரம். இதை அம்மாவிடம் சொல்லாதே, ஏற்றிப் பார்க்கணும் என்பார்கள். பக்கத்திலேயே தைகன்ஜி கோயில். அங்கே இருக்கிற பென்சைதென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதி. ஜப்பானில் வழக்கமாக அவள் கையில் வீணைக்குப் பதில் பீவா என்ற தந்தி வாத்தியம். இதை மட்டும் தாராளமாகச் சொல், ஆனால் தேங்காய் உடைக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல். சிரட்டையைச் சுமக்க என்னால் ஆகாது.

தீவே சாமி என்பதால் முன்காலத்தில் அங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. பிள்ளைத்தாய்ச்சியும் சாகக் கிடப்பவரும் அக்கரைக்குப் போய்விட வேண்டும். இன்றும் அங்கே சுடுகாடு கிடையாது. இது அப்பத்தா காதில் விழுந்தால் எனக்கும் டிக்கெட் போடுடா என்பார்கள்.

கடைவீதியில் சோறள்ளும் மரக்கரண்டி ஒன்று வைத்திருக்கிறார்கள், 7.7 மீட்டர் நீளம், இரண்டரை டன். எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன். அன்று மத்தியானம் வழக்கம்போலக் கடையில் வாங்கிய சோற்றுருண்டை ஒன்றை மானுக்கு முதுகு காட்டித் தின்றுவிட்டுப் படகேறினேன். இத்தனை பெரிய கரண்டி இருக்கிற ஊரில் இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. சரி விடு, நீங்கள்தான் வரப்போகிறீர்களே.

கடைசியாக, மிசென் மலை. 535 மீட்டர். மேலே குகாய் என்ற துறவி 806இல் ஏற்றிய நெருப்பு இன்னும் எரிகிறது என்கிறார்கள். ஹிரோஷிமா பூங்காவின் அமைதிச் சுடருக்கும் அங்கிருந்து நெருப்பு எடுத்திருக்கிறார்கள். ரோப் கார் உண்டு, ஆனால் உச்சி வரை போகாது. இறங்கி மேலும் அரை மணி படியேறணும். முழங்கால் தாங்குமா என்று அம்மாவைக் கேட்காதே, நார்த்தாமலை ஏறினவளுக்கு இதென்ன என்பார்கள். டாக்டரைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி