திருகாணிக்காரர்

நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் வந்து, தலையைச் சாய்த்து, "சத்தம் சரியில்லையே" என்று சொல்பவர் திருகாணிக்காரர். அவர் மெக்கானிக் அல்லர். கராஜ் பாஸுக்கு வேலை முடிந்தால் போதும்; திருகாணிக்காரருக்கு வேலை முடிந்துவிடக் கூடாது. தொழிலால் அவர் ஆசிரியராக இருக்கலாம், கிராம சேவகராக இருக்கலாம், மரக்கறிக் கடை வைத்திருக்கலாம். சட்டைப் பையில் பேனைக்குப் பக்கத்தில் கட்டைப்பிடி ஸ்குரூ டிரைவர் ஒன்று இருக்கும். விரல் முட்டிகளில் பழைய சூட்டுத் தழும்பு இருக்கும். மரை கழன்ற மனுஷன் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

தனி ஆளாக அவர் இலங்கையின் எந்தச் சந்தியிலும் கிடைப்பார். கூட்டமாகக் காண ஜூன் மாதத்தில் வஹகோட்டைக்குப் போவது நல்லது. மாத்தளை மாவட்டத்தில் கலேவலைப் பக்கம் இருக்கும் இந்தக் கத்தோலிக்கக் கிராமம், கண்டி அரசர் காலத்தில் குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தோர் வாழும் இடம் என்றும், புனித அந்தோனியார் திருத்தலம் என்றும் பெயர் பெற்றது. ஜூன் 13 அவருடைய திருநாள். அதை ஒட்டிய நாட்களில் தோட்டப்புறத்துத் தமிழர்களும் சிங்களவர்களுமாக யாத்திரிகர் வந்து சேருவார்கள். ஹொண்டா பென்லி, எம்டி 90, பஜாஜ் சிடி 100 என்று வண்டிகள் மர நிழலில் வரிசை கட்டும். வரிசை இருந்தால் திருகாணிக்காரர் இருப்பார். அவர் பூசைக்குத்தான் வந்தார்; வழியில் ஒரு வண்டியின் ஐட்லிங் காதில் விழுந்துவிட்டது.

அவர் வாழ்நாளைக் கொடுத்திருப்பது சுண்டுவிரலை விடச் சிறிய ஒரு ஆணிக்கு. அக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் அணையாமல் இருக்கச் சிறிது பெற்றோலும் சிறிது காற்றும் தனி வழியில் போக வேண்டும். அவை எந்த அளவில் கலப்பது என்பதைக் காபரேட்டரில் உள்ள மிக்சர் ஆணி தீர்மானிக்கிறது. அதன் அதிகாரம் அவ்வளவுதான். அக்சிலேட்டர் கால்வாசி திறந்ததும் அதிகாரம் ஊசிக்கும் மெயின் ஜெட்டுக்கும் போய்விடும். அதாவது, வண்டி ஓடாதபோது ஆட்சி செய்யும் ஆணி இது. திருகாணிக்காரரோ ஓடும் வண்டியின் குறைகளை எல்லாம் இதைக் கொண்டே தீர்ப்பார். ஏற்றத்தில் இழுக்கவில்லையா? அரைச் சுற்று. பின்னால் ஆள் ஏறினால் திணறுகிறதா? கால் சுற்று. 2022 ஓகஸ்டில் கியூஆர் முறை நாடு முழுக்க வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆனபோது அவருக்கு ஒரு பொற்காலம் பிறந்தது. அந்த 4 லீற்றரை 5 ஆக்கித் தருவதாகச் சொல்லி ஊரில் ஒரு ஆணியையும் அவர் விட்டுவைக்கவில்லை. மிச்சமான பெற்றோல், அவர் டியூன் பண்ணுவதற்காக வண்டியை நிறுத்தி ஓடவிட்டதில் செலவானது.

ஓர் இடத்தில் இருவர் சேர்ந்துவிட்டால் நிலைமை மோசம்.

"உள்ளுக்கு விடுங்க அண்ணே, பெற்றோல் கூடும்."

"என்ன தம்பி நீ, வெளிய எடுத்தாத்தானே கூடும்!"

இருவர் சொல்வதும் சரி. ஆணி எயார் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது. உள்ளே திருகினால் காற்று குறைந்து பெற்றோல் ஓங்கும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலை அளப்பது. வெளியே எடுத்தால் பெற்றோல் கூடும். எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்த்தால் வழக்கு அரை நிமிடத்தில் முடியும். குனிவதில்லை. இதற்கிடையில் வண்டிக்காரர் மூன்றாவதாக ஒரு ஆணியைத் தொட்டிருப்பார். அது ஐட்லிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆணி. பெரும்பாலும் பெரிதாகக் கண்முன்னே நிற்பதும், திருகியதும் சத்தம் மாறுவதும் அதுதான். எனவே ஊரில் நடக்கும் வெற்றிகரமான டியூனிங்கில் பாதி அதன் கைங்கரியம்.

ஆணியை எட்டுவது தனிக் கலை. சில வண்டிகளில் அது பக்கவாட்டில் பளிச்சென்று தெரியும். சிலவற்றில் காபரேட்டர் கிண்ணத்துக்கு முன்னால், அடிவயிற்றில், எஞ்சின் சூட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். நீள ஸ்குரூ டிரைவர் இடிக்கும் என்பதால்தான் பையில் அந்தக் கட்டைப்பிடி. புகைச் சட்டங்கள் இறுகிய பிறகு, கண்டவர்கள் கைவைக்கக் கூடாதென்று சில கம்பனிகள் ஆணியின் வாயைப் பித்தளை மூடியால் அடைத்தன. கண்டவர்கள் என்றது யாரை என்பதில் ஐயமில்லை. மூடியில் சின்னத் துளை போட்டு, அதில் ஒரு ஸ்குரூவை ஏற்றி, குறட்டால் பிடித்து இழுத்தால் மூடி வந்துவிடும். துளைக்கும் கை சற்று அழுந்தினால் பின்னாலிருக்கும் ஆணியின் தலையும் போய்விடும்.

முறையான வேலைக்கு அவசரம் ஆகாது. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்க வேண்டும். ஆணியை மெதுவாக உள்ளே விட்டு, எத்தனை சுற்றில் போய் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இறுக்கினால் கூர்நுனி கெட்டுவிடும். பிறகு வண்டியின் கைநூல் சொல்லும் அளவுக்கு, பல வண்டிகளுக்கு ஒன்றரைச் சுற்று அல்லது இரண்டு சுற்று, வெளியே எடுத்து எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஐட்லிங் மிக உயர்ந்து சீராக ஓடும் இடத்தைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தேடி, கிடைத்ததும் வேகத்தை மற்ற ஆணியால் நிமிடத்துக்கு 1300, 1400 சுற்று என்ற அளவுக்கு இறக்க வேண்டும். அக்சிலேட்டரை முறுக்கி விட்டதும் சத்தம் இறங்காமல் மேலேயே தொங்கினால் பெற்றோல் குறைவு. தடுமாறி அணையப் பார்த்தால் பெற்றோல் அதிகம். ஆணியை எப்படித் திருகினாலும் மாற்றமே இல்லையென்றால் ஐட்லிங் வழியிலுள்ள ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கிறது.

திருகாணிக்காரர் இவற்றில் சுற்றுகளை எண்ணுவது ஒன்றைத்தான் விடுவார். காது இருக்க எண்ணிக்கை எதற்கு என்பது அவர் கட்சி. ஆரம்பத்தில் எங்கே இருந்தது என்று தெரியாததால் அங்கே திரும்பிப் போகவும் வழியில்லை. முன்னும் பின்னுமாகத் தேடுகையில், எஞ்சின் பக்கத்து ஆணியாக இருந்தால், அது முழுதாகக் கழன்று கையோடு வரும் தருணம் ஒன்று உண்டு. அதன் பின்னால் ஸ்பிரிங் துள்ளும். அதன் பின்னால் எள்ளளவு வாஷர் ஒன்று. கடைசியில் மிளகை விடச் சிறிய கறுப்பு ஓ ரிங். அது உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அல்லது புழுதியில் விழும். விழுந்தால் வரிசையிலுள்ள ஆண்கள் எல்லோரும் முழங்காலில். தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்று பதுவை அந்தோனியாருக்கு உலகெங்கும் பெயர். அவருடைய வாசலிலேயே தொலைத்ததால் ஓரளவு நம்பிக்கையோடு தேடுவார்கள். கிடைக்காவிட்டால் திருகாணிக்காரர் ஓ ரிங் இல்லாமலே பூட்டி, "இது கம்பனிக்காரன் சும்மா போடுறது" என்பார்.

நுவரெலியாவுக்குப் போகிறவரை அவர் சும்மா அனுப்பமாட்டார். 1,868 மீற்றர் உயரத்தில் காற்று ஐதாவதால் அதே ஆணியில் பெற்றோல் ஓங்கும் என்பது உண்மைதான். ஆனால் கலேவலைக்கும் மாத்தளைக்கும் இடையிலேயே இரண்டு முறை இறங்கித் திருகுவது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

வருடத்தில் ஒரு நாள் அவர் சொல்வது அப்படியே பலிக்கும். 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. மோட்டார் சைக்கிளின் புகையை அங்கே நிற்கவைத்து, ஐட்லிங்கில்தான் அளப்பார்கள். அன்று அந்தச் சின்ன ஆணிதான் ராஜா. முதல் நாள் இரவு வரை அவரைக் கேலி செய்தவர்கள் காலையில் அவர் வாசலில் வண்டியோடு நிற்பார்கள். பரிசோதனை முடிந்து வரும் வழியிலேயே ஆணி பழைய இடத்துக்குத் திரும்பும்.

இப்போது அவருக்கு வந்திருக்கும் சோதனை பெற்றோலை ஊசி போட்டது போல் பீச்சும் புது வண்டிகள். காபரேட்டர் இல்லை, ஆணியும் இல்லை. கலவையைச் சின்னக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட வண்டியையும் அவர் சுற்றிவந்து, சீட்டைத் தூக்கி, டாங்கிக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, "பிளக்க ஒருக்காக் கழட்டிப் பார்ப்பமா?" என்று கேட்பார்.