இறுகிய பிஸ்டன் இளகுமாறு: ஐந்து நூற்பாவும் அவற்றுக்கு உரையும்

பாயிரம்

நாஞ்சில் நாட்டு நெல்வயல்கள் வாழைத்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறியபின், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் தொழுவங்களில் வேலையிழந்து நிற்கும் டிராக்டர்களைப் பற்றியது இந்நூல். டிராக்டர் என்றது பழையதை. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபேயின் மாஸி பெர்குசன் ஆயினும், பிஞ்சோர் ஆலை 1971-இல் இறக்கிய எச்எம்டி ஜீட்டர் 2511 ஆயினும் கொள்க. பேரன் ஒருவன் அதை உயிர்ப்பிக்க ஆசைப்படுவான், பிளைவீலோ அனங்காது. அவன் பொருட்டு எழுந்தது இது. நூல் செய்தவர் ஒர்க்‌ஷாப் ஆசான்கள். உரை செய்தவர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவர்.

1. வான்நீர் புகுந்த புகைக்குழல் வழியே
போரும் பிஸ்டனும் ஒன்றா கும்மே.

வான்நீர் என்றது தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும். குமரி மாவட்டம் இரண்டையும் வாங்கும். ஆகவே கன்னிப்பூ, கும்பப்பூ என நெல் இரண்டு பூ விளையும். கடற்காற்றின் உப்பும் சேர்வதால் துருவும் இரண்டு பூ விளையும் என்க. எஞ்சின் நின்ற நேரத்தில் எந்தச் சிலிண்டரில் புகை வால்வு திறந்திருந்ததோ, நீர் அதில் இறங்கும். ஆதலின் இறுகுவது பெரும்பாலும் ஒன்றே. பழி மட்டும் எல்லாவற்றின் மேலும் விழும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். பிஸ்டனுக்கும் போர் எனும் சிலிண்டர்த் துளைக்கும் நடுவே இருப்பதோ ஒரு தாளின் கனமே உள்ள இடைவெளி. அஃதேல் தடுப்பு யாதெனின், புகைக்குழாய் மேல் ஒரு தகர டப்பாவோ சிரட்டையோ கவிழ்த்தல். எல்லாரும் அறிவர்; செய்தார் சிலர்.

2. அடித்தல் ஊறல் காய்ச்சல் என்றாங்கு
எடுக்கும் நெறிதாம் மூன்றென மொழிப.

குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல், நம் முயற்சியே பிஸ்டனை வெளிக்கொணரும் என்பர் அடித்தல் நெறியார். பூனைக்குட்டியைத் தாயே கவ்வித் தூக்குவதுபோல், எல்லாம் எண்ணெய் பார்த்துக்கொள்ளும், சரணடைந்தால் போதும் என்பர் ஊறல் நெறியார். வடகலை தென்கலை வழக்கு ஒர்க்‌ஷாப்பிலும் தீர்ந்தபாடில்லை. காய்ச்சல் நெறியார் கேஸ் வெல்டிங் தீயோடு நடுவே புகுவர். அது நட்டுக்குப் பொருந்தும், பிஸ்டனுக்குப் பொருந்தாது. என்னை? ஒரே சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். பிஸ்டன் இன்னும் இறுகும். ஆறும்போது இருமடங்கு சுருங்கித் துருவின் பிடி விடுமே என்று அவர் மறுப்பர். அதுவும் மெய்யே. ஆகவே சூட்டோடு அடிப்பவன் பேதை. ஆறவிட்டு எண்ணெய் விடுபவன் புலவன்.

3. மண்ணெண் ணெய்யும் டீசலும் பிறவும்
நண்ணிய துருவின் உள்நுழை மருந்தே.

பிற என்றதனால் பிரேக் ஆயிலும், ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்ததும் கொள்க. பின்னது தீயருகே ஆகாது. அமெரிக்காவின் சான் டியாகோவில் 1953-இல் நாற்பதாம் முயற்சியில் வாய்த்து, அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து காத்த டபிள்யூடி-40 சேற்றுழவுக்கும் இரங்கும். தேங்காய் எண்ணெய் ஊற்றுவாரும் உளர். அது குழம்புக்கும் தலைக்கும் உரியது. நட்டைக் காய்ச்சி மெழுகுவர்த்தியால் தொட்டால், உருகிய மெழுகு மரைக்குள் தானே இழுபடும். கோட்டாறு சவேரியார் கோயிலுக்கு வாங்கியதில் மிஞ்சியது போதும்.

4. அயினிக் கட்டையும் அளந்த அடியும்
அலுமினி யத்தை அழிக்கா தனவே.

சுத்தியல் பிஸ்டன் தலையில் நேரே படலாகாது, உடையும். போருக்குள் சற்றே தளர நுழையும் அயினி மரக்கட்டையை நிறுத்தி அதன்மேல் அடிக்க. அதற்குமுன் ஹெட்டை இறக்குக. போரின் மேல்விளிம்புத் துருவைச் சுரண்டுக. அடியில் கனெக்டிங் ராடின் மூடியைக் கழற்றுக. கீழே ஒரு நூல் போனால் மேலே ஒரு நூல் கொண்டுவருக. நடுவே எண்ணெய் விடுக. இன்னொரு டிராக்டரில் கட்டி, கியரில் போட்டு இழுப்பாரும் உளர். ராடு வளையும், இழுக்க வந்தவரின் உறவும் வளையும்.

5. வேலிமேல் சாய்ந்தோர் விளம்பிய யாவும்
கேளா தொழிக கேட்பினும் செய்யேல்.

சாய்ந்தோர் என்றது வேடிக்கை பார்ப்போரை. "ஓங்கி ஒரு போடு போடும் வே, தன்னால வரும்" என்பார் ஒருவர். "எளவு, ஆக்கர் கடைக்குத் தள்ளும்" என்பார் மற்றொருவர். "தொடாம கெடக்கட்டும்" என்பார் ஒருவரும் இலர். என்னை? சும்மா இருக்கச் சொல்பவனை அறிவாளி என்று ஊர் ஒப்பாது. ஆயினும் ஊறுகின்ற நாளெல்லாம் சுத்தியலைக் கையில் எடுக்காதிருத்தலே இத்தொழிலின் உச்சம். துரு உடைத்த பிஸ்டனினும் அவசரம் உடைத்த பிஸ்டன் பல.

அவ்வாறு காத்திருத்தற்குக் கூலி உண்டோ எனின், நூல் கூறவில்லை, வழக்குக் கூறும். "இத்தன நாளும் சும்மாதானே கெடந்துது, பின்ன என்ன ஓய் கூலி?" என்று வண்டிக்காரர் கேட்க, ஆசான் சொல்வது:

"அடிச்சதுக்கு நூறு ரூவா. அடிக்காம இருந்ததுக்கு ஐந்நூறு."

இது நூற்பா அன்று. ஆயினும் உரை வேண்டாது விளங்குதலின் உரை எழுதாது விட்டாம்.