சந்தவாசல் தேற்றம்: ஞானப்பல் ஏன் வாயிலேயே இருக்கிறது

ஞானப்பல்லைப் பிடுங்கத் தயங்குகிறவர்களை 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று ஒதுக்கிவிடுவது மருத்துவ உலகின் வழக்கம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலில் ஞானப்பல் முளைத்தவர் கடைப்பிடிப்பது அறியாமை அல்ல, தர்க்கம். முதல் கூற்று: வீங்கியிருக்கும்போது பல்லைப் பிடுங்கக் கூடாது. இரண்டாம் கூற்று: வீக்கம் வடிந்தபின் பிடுங்க அவசியமில்லை. ஆகவே அந்தப் பல்லை எந்தக் காலத்திலும் பிடுங்க முடியாது. முதல் கூற்றை வழங்குபவர் டாக்டரேதான் என்பதைக் கவனிக்க வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகிற ஊசி சரியாகக் கேட்காது. அதனால் அவர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதி, "வத்தினதும் வாங்க" என்று அனுப்புகிறார். இரண்டொரு நாளில் வாய் திறக்கிறது. வாரம் முடிவதற்குள் முறுக்கு கடிக்க முடிகிறது. வலிக்காத பல்லுக்காக வேலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போக யாருக்கு மனம் வரும்?

இத்தேற்றத்துக்குத் துணையாக நாட்காட்டியும் நிற்கிறது. ஆடி வெள்ளிகளில் பக்கத்துப் படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில் கூட்டம், தையில் கல்யாணச் சாப்பாடு, நடுவில் அறுவடை. இவற்றைக் கழித்தால் பல்லுக்கென்று மிஞ்சும் நாள் அநேகமாக அமாவாசை. அடுத்தது, பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம். கண் பார்வை இரண்டாம் மூளை நரம்பின் வேலை, பல் வலி ஐந்தாவதின் வேலை, பல்லைப் பிடுங்கினால் பார்வை போகாது என்கிறது உடற்கூறியல். ஆனால் பல்லும் போய்க் கண்ணாடியும் போட்ட பெரியப்பா ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். உடற்கூறியல் அவரை விசாரித்ததாகத் தெரியவில்லை. நரம்புப் பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. கீழ்த்தாடை நரம்பு ஞானப்பல்லின் வேருக்கு ஒட்டினாற்போல் ஓடுவதுண்டு. சிலருக்கு உதடு கொஞ்ச காலம் மரத்துக் கிடக்கும். கண்ணுக்குப் பயந்தவர் உதட்டுக்குப் பயந்திருந்தால் டாக்டரும் ஆமோதித்திருப்பார்.

வெளிநாட்டு அத்தாட்சியும் உண்டு. தொந்தரவு தராத, நோயற்ற ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2000இல் சொன்னது. சந்தவாசல் வென்றது என்று நினைக்கும்போதே அடுத்த வரி காலை வாருகிறது: முதல் ஈறு வீக்கத்தை, மிகக் கடுமையாக இல்லாவிட்டால், பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவது வந்தால் எடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும். கடைசிப் பல்லருகே ஈறு வீங்கி, கடும் வலியோடு எச்சில் ஒழுகும் நிலையைச் சுசுருதரும் 'அதிமாம்சம்' என்று பதிவுசெய்திருக்கிறார். அவர் சொன்ன வைத்தியமும் கத்திதான். கிராம்பு இருக்கிறதே என்பார்கள். கிராம்பு வலியை அடக்கும்; சாய்ந்து முளைத்த பல்லை நிமிர்த்தாது. வயதும் ஏறுகிறது: இருபதுகளின் தொடக்கத்தில் சுலபமாக வருகிற பல், வேர் முற்றி எலும்பு இறுகியபின் டாக்டரை வியர்க்க வைக்கும். ஆக முதல் கூற்று நிற்கிறது, இரண்டாவது விழுகிறது. இரண்டாம் முறை வீங்கியவர்கள், வடிந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பிடுங்கிய பிறகு இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம். குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும்.