ஆயில் பார்க்கும் பெரியவர்

எங்கள் தெருவில் எவர் வீட்டு வாசலிலாவது காரின் பானெட் திறக்கப்படுமாயின், அந்த ஓசை அடங்குமுன்பே வேஷ்டியை மடித்துக் கட்டியவண்ணம் அங்கே பிரசன்னமாகிவிடும் மகானுபாவர் ஒருவர் உண்டு. அவர் மெக்கானிக் அல்லர்; ஜில்லா கஜானாவில் கணக்கெழுதி ரிடையரானவர்; ஆயினும் என்ஜின் ஆயில் விஷயத்தில் தம் தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது என்பதைத் தாமாகவே ஸ்தாபித்துக்கொண்டுவிட்டார்.

"வண்டியை எப்போ நிறுத்தினே, தம்பி?" என்பது அவருடைய முதல் வினா. நியாயமான வினாதான். ஓடி நின்ற என்ஜினில் மேலே ஏறிய எண்ணெய் அடியிலுள்ள சம்ப்பில் வடிந்து சேரச் சில நிமிஷங்கள் வேண்டும். அவசரப்பட்டால் ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக் குறைவாகக் காட்டும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும் என்பதும் சத்தியமே. எங்கள் தெருவோ சாக்கடைப் பக்கம் சரிந்தது. ஆகவே சமதரையைத் தேடி நான்கு வீடு தள்ளிப்போய், எண்ணெய் வடியும்வரை அவருடைய பழைய அம்பாஸடரின் சரித்திரத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது நம் கடமையாகிறது. 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், திருச்சிக்குப் போவதென்றால் டிக்கியில் ஆயில் டப்பா இன்றிப் புறப்பட்டதில்லையாம். 2014-ல் உத்தரபாரா தொழிற்சாலையில் அந்த வண்டியின் உற்பத்தி நின்றதாகச் செய்தி வந்த இரவு, அவர் சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

பிறகு பனியன் வேஸ்ட் கேட்பார். அகப்படாவிடில் கொடியில் உலரும் துண்டுக்கு ஆபத்து. ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி அடிவரை செருகி, இரண்டாம் முறை உருவி, வெயிலில் கிடையாகப் பிடித்து, நுனியில் ஒட்டியதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்து, முகர்ந்து, நாடி பார்க்கும் வைத்தியரைப்போல் கண்களை மூடிக்கொள்வார். "கறுத்துப்போச்சே!" டீசல் வண்டியில் புது ஆயில்கூடச் சீக்கிரமே கறுக்கும், கரியைத் தன்னிடம் வாங்கிக்கொள்வதே அதன் உத்தியோகம் என்று சொல்லிப் பயனில்லை. மெய்யாகவே அஞ்ச வேண்டியது, ரேடியேட்டர் தண்ணீர் கலந்து ஆயில் பால்விட்ட காப்பி நிறமாவது ஒன்றுதான். அதைக் காணும் பாக்கியம் அவருக்கு இன்னும் கிட்டவில்லை.

அளவு ஸ்டிக்கிலுள்ள இரண்டு கோடுகளுக்கும் நடுவே சரியாக இருந்துவிட்டாலோ அவர் முகம் வாடிவிடும். "இருந்தாலும் ஒரு கால் லிட்டர் விடலாம்" என்பார். இங்கேதான் விபரீதம் ஆரம்பம். பல கார்களில் அவ்விரு கோடுகளுக்கும் உள்ள வித்தியாசமே சுமார் ஒரு லிட்டர்தான். இவருடைய கால் லிட்டர்களால் மேல்கோட்டையும் தாண்டிப்போனால், சுழலும் கிராங்க்ஷாஃப்ட் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் பேரிங்குகளைக் காக்க முடியாது. சீல்களிலும் கசிவு காணும். மறுவாரம் வண்டியின் அடியில் சொட்டியிருப்பதைக் கண்டு, "நான் அன்னிக்கே சொன்னேனே, என்ஜின் சரியில்லைன்னு!" என்று சொல்பவரும் அவரேதான்.

இவருக்கு அஞ்சி எண்ணெய் பார்ப்பதையே யாரும் விட்டுவிட வேண்டாம். மாதம் ஒருமுறையும், தூரப் பிரயாணத்துக்கு முன்பும் அவசியம் பாருங்கள். ஆனால் ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பானெட்டை ஓசையின்றி மூடும் வித்தை எவருக்கும் கைவந்ததில்லையாதலால், மூடிய மறுகணமே விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்; ஆயில் டப்பாவை மட்டும் மறவாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.