செட் பண்ணிடலாம்

"செட் பண்ணிடலாம்ங்க" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த வேலையை வேறு யாரிடமும் கொண்டுபோகக் கூடாது. போனால் கோபித்துக்கொள்வார். அதற்காக அவர் செய்துவிடுவார் என்றும் இல்லை. சித்தேரி மலையில் பாதி வேலைகள் இப்படித்தான் அந்தரத்தில் தொங்குகின்றன.

அரூரிலிருந்து மலையேறும் பஸ்ஸில், முன்படி ஓரம், பிளாஸ்டிக் கவர் நிறைய யார் யாருடைய ஆதார் நகல்களையோ வைத்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான். பெயர் வேண்டாம். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கு வளைவு சொல்லிக்கொடுப்பார், இறங்கினால் வெற்றிலைக்குக் கடன் கேட்பார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த ஒற்றைச் சொல்தான்.

கிணற்று மோட்டார் ஓடவில்லையா? செட் பண்ணிடலாம். புதுத் தளத்தில் கால் வைத்தீர்களா? "மிதிக்காதய்யா, சிமெண்டு இன்னும் செட் ஆகல." பெண் பார்த்துவிட்டு வந்தீர்களா? "அந்த எடம் நமக்கு செட் ஆகாது." அந்த வீட்டில் அவரை உட்காரச் சொல்லவில்லை என்று அதற்குப் பொருள். பண்டிகை நெருங்கினால் "செட்டு சொல்லியாச்சா?" என்பார்; அது மைக் செட். அடுத்த மூச்சிலேயே "அந்த செட்டு வந்தா தகராறுதான்" என்பார், அது இளவட்டங்கள். சொல்லோடு ஒரு 'அப்' சேர்ந்து செட்டப் ஆகிவிட்டால் குரல் தாழும், பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளை விரட்டுவார். யாருடைய குடும்பக் கதை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு பண்டிகைக்கு முதல் நாள் அவருடைய அப்பாவின் பல்செட்டு காணாமல் போய்விட்டது. பெரியவர் கறிச்சோற்றை நினைத்துக் கலங்கிவிட்டார். இவர் டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி அரூருக்குப் போன் போட்டார். பல் கட்டுகிற இடத்துக்குத்தான் போட்டதாக இன்றுவரை சாதிக்கிறார். "பெரியவர் செட்டு தொலைஞ்சி போச்சி. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேற செட்டு வந்தாகணும். பழைய செட்டே லூசு, பேசினா இரையும். இது கொஞ்சம் கெட்டியா இருக்கணும்." மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு மினி லாரி வந்து நின்றது. நான்கு பாக்ஸ், இரண்டு கூம்புக் குழாய், ஒரு ஜெனரேட்டர். ஏற்கெனவே சொல்லிவைத்த மைக் செட் கோயிலில் பாடிக்கொண்டிருந்தது. இரண்டு செட்டுக்காரர்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் நின்று இவர் சொன்னார்: "சண்டை எதுக்கு? கோயிலுக்கு ஒண்ணு, எங்கப்பாவுக்கு ஒண்ணு." பெரியவர் அன்று ரசம் சாதம்தான் சாப்பிட்டார்.

இங்கிலீஷ்காரர்களுக்கே இந்தச் சொல் லேசில் அடங்கவில்லை. 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 430 பொருள். விளக்கம் 60,000 சொற்கள். அகராதியிலேயே நீளமான பதிவு என்று கின்னஸ் புத்தகமும் எழுதிவைத்தது. பிற்பாடு திருத்தியபோது 'ரன்' என்ற சொல் 645 பொருளோடு இதை முந்திவிட்டதாம். எங்கள் ஆள் எதற்கும் ஓடி நான் பார்த்ததில்லை. அதனால் பழைய சாதனையே சித்தேரியில் நீடிக்கிறது.

மோட்டாரும் பல்லும் போகட்டும். சாதிச் சான்றிதழில் இந்தச் சொல் விளையாடும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சித்தேரியில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிகள். கேரளாவைத் தேட வேண்டாம். பழங்குடிப் பட்டியலில் இருக்கும் மலைவாசிகள், பேச்சு தமிழ்தான். பழங்குடிச் சான்றில் தாசில்தார் கையெழுத்து செல்லாது, கோட்டாட்சியர் போட வேண்டும். விண்ணப்பம் அங்கே போனால்தானே கையெழுத்து? காலேஜில் இடம் கிடைத்த ஒரு பையனின் காகிதங்களை "செட் பண்ணிடலாம் கண்ணு" என்று வாங்கிக் கவரில் போட்டார். சேர்க்கை முடிய நாலு நாள் இருக்கும்போது பார்த்தால், யாரோ ஒருவரின் ரேஷன் கார்டு நகலுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. லஞ்சம் கேட்கிறவனிடமாவது கொடுத்தால் நகரும், கொடுக்காவிட்டால் நகராது என்று தெரியும். இவர் காசும் கேட்பதில்லை, மறுப்பதும் இல்லை. இதை எங்கே போய்ப் புகார் செய்வது?

எம்.ஏ. முடித்த இன்னொரு பையன், காலேஜ் வாத்தியார் வேலைக்கு செட் தேர்வு எழுதப் போகிறேன் என்று வாய்தவறி இவர் காதில் போட்டுவிட்டான். 2024 ஜூனில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போய் 2025 மார்ச்சில்தான் நடந்தது. "படிக்கறதுக்கு டைம் பத்தலைன்னு சொன்னியே, செட் பண்ணிக் குடுத்தேன் பாத்தியா?" என்றார். முகத்தில் துளி சிரிப்பில்லை.

ஒரே ஒருமுறை அந்தச் சொல்லுக்கு அவர் வாயில் எண்ணோடு பொருள் இருந்தது. சித்தேரி ஊராட்சியில் கலசப்பாடி, அரசநத்தம் பக்கத்துக் கிராமங்கள் பல வருடங்களாக ரோடு கேட்டவை. ஒவ்வொரு தேர்தலிலும் "செட் ஆயிடும்" என்று கேட்டுப் பழகியவை. சொன்னவர்கள் இவரைவிடப் பெரிய ஆட்கள். உடம்புக்கு முடியாதவர்களை மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டிச் சுமந்துதான் இறக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு அம்மாவை இறக்கிய ராத்திரி இவரும் வந்திருந்தார். "ரெண்டு செட்டு வேணும். நெட்டையானவங்க ஒரு செட்டு, குட்டையானவங்க ஒரு செட்டு. கலந்து நின்னீங்கன்னா தூளி சாஞ்சிடும்" என்று ஆட்களைப் பிரித்தார். எங்கே தோள் மாற்ற வேண்டும் என்பதை இருட்டிலேயே சொன்னார். குட்டை செட்டில் அவரும் நின்று கடைசிவரை சுமந்தார். கீழே ஆம்புலன்சில் ஏற்றியபிறகு தோளில் தோல் உரிந்திருந்ததை நான் பார்த்தேன். அதற்கப்புறம் ஒரு மாதம் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மாதம் முடிந்தது. என் மோட்டாரின் ஸ்டார்டர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. மரவள்ளி வாடுகிறது. போன வாரம் அவர் வீட்டுக்கே போய்விட்டேன். ஆள் இல்லை. சம்சாரம் மட்டும் கிணற்றடியில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணா, எங்க வீட்டு ஸ்டார்டர கழட்டித்தான் உங்களுக்கு மாட்டறேன்னு எடுத்துட்டுப் போனாரு. அப்ப அது உங்களுக்கும் வரலீங்களா?"