பத்தியைப் படிக்காமல் பதில் எழுதுவது எப்படி?

கேமரன் மலைத் தோட்டத்துப் பெற்றோர்களுக்கு ஓர் ஆங்கிலக் கருத்துணர்தல் வழிகாட்டி

உங்கள் மகள் ஐந்தாம் படிவத்தில் இருக்கலாம், ஆறாம் ஆண்டில் இருக்கலாம், இன்னும் பாலர் பள்ளிக்கே போகாமலும் இருக்கலாம். எதுவானாலும் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. இன்றிரவே தொடங்குங்கள். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை எந்த வீட்டிலும் செய்யக்கூடிய முறை இது. பெரும்பாலான வீடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நான் அதற்கு எண் போட்டுத் தருகிறேன், அவ்வளவுதான்.

1. பயத்தை முதலில் ஊட்டுங்கள்

1988-இல் வந்த ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மூன்றாம் படிவத்தின் பி.டி.3-யும் போயிற்று. சில பெற்றோர் அப்போது நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நீங்கள் விடாதீர்கள். தேர்வு போனால் பயமும் கூடவே போக வேண்டும் என்று கல்வி அமைச்சு எங்கும் சொல்லவில்லை. ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். பத்திரமாக இருக்கிறது. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையைச் சோற்றுத் தட்டின் முன் உட்காரவைத்து, “இன்னும் பத்து வருஷந்தான் இருக்கு” என்று சொல்லுங்கள். சாப்பிடாவிட்டால் வெற்றி.

2. பயிற்சி நூல் வாங்குங்கள், கதைப் புத்தகம் வாங்காதீர்கள்

தானா ராத்தா கடைக்குப் போனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். கதைப் புத்தகத்தில் கேள்வி கிடையாது. கேள்வி இல்லாத பக்கத்தை வாசித்து யாருக்கு என்ன லாபம்? அதோடு கதை சுவாரசியமாக இருந்துவிட்டால் பிள்ளை அடுத்த பக்கத்தையும் புரட்டும், அடுத்த புத்தகமும் கேட்கும். கடைசியில் கட்டில் ஓரத்தில் ஆங்கிலப் புத்தகத்தோடு சிரித்துக்கொண்டு கிடக்கும். பார்க்கச் சகிக்காது.

பயிற்சி நூலைக் கொண்டுவந்ததும் பின்பக்கத்து விடைத்தாள்களைக் கிழித்து ஒளித்து வையுங்கள். எங்கே வைத்தீர்கள் என்பதை உங்கள் மகள் உங்கள் முகத்தைப் பார்த்தும், அலமாரிக் கதவு சரியாகச் சாத்தாததைப் பார்த்தும், நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது பேச்சை மாற்றுவதை வைத்தும் கண்டுபிடித்துவிடுவாள். அந்த வாரம் அவள் செய்த ஒரே உண்மையான கருத்துணர்தல் அதுதான். அதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

3. கேள்வியைப் படி, பத்தியைத் தேடு

இது நம் முறையின் உயிர்நாடி. 1940களில் ஃபிரான்சிஸ் ராபின்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் படிப்பதற்கு ஐந்து படிகள் வகுத்தார்: மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, படி, சொல்லிப் பார், திரும்பப் பார். ஐந்து அதிகம். நாம் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் தள்ளிவிட்டோம். அந்த இரண்டாவதிலும் ஒரு சிறு திருத்தம். படிப்பவனே தனக்குள் கேள்வி எழுப்பிக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னார். நாம் பயிற்சி நூலில் அச்சடித்த கேள்வியை எடுத்துக்கொண்டோம். யோசிக்கும் வேலை மிச்சம்.

கேள்வியில் இருக்கும் பெரிய சொல்லைப் பிடி. அதே சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று பார். அதற்கு அக்கம்பக்கம் இருப்பதைப் பெயர்த்து எழுது. முடிந்தது. சந்தேகமா? தமிழிலேயே செய்து காட்டுகிறேன்:

“பொரலான கிமுடு நேற்று மாலை மூன்று பிளங்கைச் சோமியது. அதனால் தவுளிகள் நெய்ந்தன.”

கேள்வி: கிமுடு எத்தனை பிளங்கைச் சோமியது? விடை: மூன்று. கேள்வி: தவுளிகள் ஏன் நெய்ந்தன? விடை: பொரலான கிமுடு மூன்று பிளங்கைச் சோமியதால். முழு மதிப்பெண்! கிமுடு மிருகமா, தோட்டத்துத் துரையா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திருத்தும் ஆசிரியருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஒரே ஒரு தொல்லை. 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தின் முதல் தாள் மாறிவிட்டது. ஒன்றரை மணி நேரம், ஐந்து பகுதி, நாற்பது கேள்வி. தாள் தயாரிப்பவர்கள் நம் முறையை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். பத்தியில் உள்ள அதே சொல்லைத் தவறான விடையில் தூண்டிலாகப் போடுகிறார்கள். சரியான விடையை வேறு சொற்களில் எழுதி ஒளித்துவைக்கிறார்கள். பத்தியைப் படித்தவன் தப்பிக்கிறான், சொல்லைத் தேடியவன் மாட்டிக்கொள்கிறான். இதற்காக முறையை மாற்றுவதா? கூடாது. இன்னும் வேகமாகத் தேடச் சொல்லுங்கள். கொழுந்து வெட்டும் இயந்திரம் செடியின் தலையை மட்டும் சீவிக்கொண்டு போவதுபோலக் கண் ஓட வேண்டும்.

4. ஒவ்வொரு சொல்லின் தலையிலும் தமிழ் எழுதச் சொல்லுங்கள்

பென்சிலைக் கூராகச் சீவிக் கொடுங்கள், வரிகளுக்கு நடுவே இடம் குறைவு. ஒரு பத்திக்கு அரை மணி நேரம் பிடிக்கும். முடிந்ததும் மேலே எழுதிய தமிழை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலமும் அல்லாத, தமிழும் அல்லாத ஏதோ ஒன்று காதில் விழும். பத்திரப்படுத்துங்கள், அதுதான் முயற்சி.

இந்த வேலை நடக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளைக்கு ஞாபகப்படுத்தாதீர்கள். வீட்டில் தமிழ் பேசுகிறாள். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெரும்பாலான பாடங்களை மலாயில் படிக்கிறாள். தேயிலைச் சரிவில் வேலை பார்க்கும் வங்காளதேச அண்ணனிடம் மூன்றும் கலந்த ஏதோ ஒரு மொழியில் கதையடிக்கிறாள். இதற்கெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்பட்டியல் கொடுக்கவில்லை. இடத்தையும் ஆளையும் பார்த்து, தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களை வைத்து ஊகித்துத்தான் கற்றுக்கொண்டாள். இதே வித்தை ஆங்கிலத்துக்கும் செல்லும் என்று தெரிந்துவிட்டால், நாளைக்குப் பென்சில் எடுக்கமாட்டாள்.

5. சின்னச் சொற்களைக் கண்டுகொள்ளாதீர்கள்

‘ஹவ்எவர்’, ‘தேர்ஃபோர்’, ‘திஸ்’, ‘தே’. இவற்றுக்கெல்லாம் யார் பொருள் கேட்கிறார்கள்? தாண்டிப் போகச் சொல்லுங்கள். எஸ்.பி.எம். தாளின் நான்காம் பகுதியில் ஆறு இடங்களைக் காலியாக விட்டு எட்டு வாக்கியங்களைக் கொடுப்பார்கள். எது எங்கே பொருந்தும் என்பதை இந்தச் சின்னச் சொற்கள்தாம் காட்டிக்கொடுக்கும். ‘தே’ என்றால் முந்தின வரியில் பலர் இருக்க வேண்டும். ‘ஹவ்எவர்’ வந்தால் பேச்சு திரும்ப வேண்டும். உங்களுக்கு அந்தத் தகராறு வேண்டாம். நீளமான வாக்கியத்தை நீளமான கோட்டில் போடச் சொல்லுங்கள்.

6. பிள்ளைக்குத் தெரிந்ததைப் பத்திக்குள் விடாதீர்கள்

இதில்தான் நல்ல பெற்றோர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என்றாவது ஒரு நாள் பயிற்சி நூலில் தேயிலையைப் பற்றியே ஒரு பத்தி வந்துவிடும். அப்பா தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பாட்டி கூடை கட்டிக் கொழுந்து பறித்தவர். இலையை ஏன் முதலில் காற்றூதி வாட்டுகிறார்கள் என்று பத்தி கேட்கும். வாட்டாத இலையை உருட்டினால் முறுக்கிக்கொள்ளாமல் நொறுங்கிப் போகும் என்பது உங்கள் மகளுக்கு ஏழு வயதிலேயே தெரியும். உருட்டிய இலை காற்றுப்பட்டுச் செம்புநிறமாகிறது, பிறகு உலர்த்துகிறார்கள், சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். எல்லாம் மூக்காலேயே தெரியும்.

அவள் தலையை நிமிர்த்தி, “ப்பா, இது நம்ம பேக்டரில செய்றதுதானே?” என்பாள்.

“பேசாம படி. அது வேற, இது இங்கிலீஷ்” என்று உடனே சொல்லுங்கள். தாமதித்தால் ஆபத்து.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. 1988-இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விஷமமான காரியம் செய்தார்கள். மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள், சுமாராக வாசிப்பவர்கள், ஆட்டம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். பிறகு நடந்ததைப் பொம்மை மைதானத்தில் நடத்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். விஷயம் தெரிந்தவனுக்கு மொழி வழிவிடுகிறது என்று இதற்கு அர்த்தம். இந்தச் செய்தி தோட்டத்துப் பக்கம் பரவினால் என்ன ஆகும்? பிள்ளைகள் தேயிலையிலிருந்து தொடங்குவார்கள். அங்கிருந்து மழை, மண்சரிவு, காய்கறிக் கொட்டகை, லாரி வாடகை என்று தெரிந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் வாசித்துப் பழகிவிடுவார்கள். பிறகு தெரியாததையும் வாசிக்கத் துணிவார்கள். பயிற்சி நூலை யார் வாங்குவது?

ஆகவே தூரத்துப் பத்திகளையே தேடுங்கள். 2018-இல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு ‘சூப்பர் மைண்ட்ஸ்’, முதலிரண்டு படிவங்களுக்கு ‘பல்ஸ் 2’ என்று இங்கிலாந்துப் பதிப்பகங்களின் பாடநூல்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்தபோது நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்று பலர் சண்டை போட்டார்கள். என் கவலை வேறு. வகுப்பில் யாராவது ஓர் ஆசிரியை அந்தப் பாடத்தை மூடிவைத்துவிட்டு, “உங்க தோட்டத்துல இது எப்படி?” என்று கேட்டுவிடக் கூடாதே என்பதுதான்.

7. அறிவிப்புப் பலகைகளிடமிருந்து காப்பாற்றுங்கள்

எஸ்.பி.எம். தாளின் முதல் பகுதியில் எட்டுக் கேள்வி. அத்தனையும் அறிவிப்பு, விளம்பரம், குறுஞ்செய்தி போன்ற சின்னச் சின்னத் துண்டுகள். கேமரன் மலையின் துரதிர்ஷ்டம், இவை ஊர் முழுக்க இலவசமாகத் தொங்குகின்றன. ஸ்ட்ராபெரி நீங்களே பறிக்கலாம், கால் கிலோவுக்கு இவ்வளவு, காலணியோடு நுழையாதீர்கள், மழைநாளில் நடைபாதை மூடப்படும். சுங்கை பாலாஸ் தேநீர்க் கடையில் போய் நின்றால் சுற்றுலாப் பயணி ஆங்கிலத்திலேயே வழி கேட்டுவிடுவார்.

பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்கு நடக்கும்போது பிள்ளையின் கண்ணைப் பொத்திக்கொள்ளுங்கள். அதே அறிவிப்பு கறுப்பு வெள்ளையில், கட்டம் கட்டி, ஏ, பி, சி என்று மூன்று விடைகளோடு வரும்வரை காத்திருக்கட்டும்.

8. ‘தெரியாது’ என்று சொல்ல விடாதீர்கள்

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தை உலகறியச் செய்த ஜிம் தாம்சன், தானா ராத்தாவில் மூன்லைட் பங்களாவில் தங்கியிருந்தவர், பிற்பகலில் நடந்துவரக் கிளம்பினார். திரும்பவில்லை. காவல்துறை தேடியது, ராணுவம் தேடியது, காட்டை நன்கறிந்த ஓராங் அஸ்லி மக்கள் தேடினார்கள். இன்றுவரை தடயம் இல்லை.

கருத்துணர்தலுக்கு இதைவிட அருமையான பத்தி நம் ஊரில் கிடையாது. எது சொல்லப்பட்டிருக்கிறது, எது ஊகம், எந்த ஊகத்துக்குப் பத்தியில் ஆதாரம் உண்டு, எது வெறும் வதந்தி என்று பிரித்துப் பிரித்து ஒரு மாலை முழுக்கப் பிள்ளையோடு பேசலாம். அப்படிச் செய்யாதீர்கள். கேள்வியை இப்படிக் கேளுங்கள்: ஜிம் தாம்சன் எங்கே போனார்? ஏ. புலி தின்றது. பி. கடத்தப்பட்டார். சி. பள்ளத்தில் விழுந்தார். டி. தானாகவே ஓடிவிட்டார். நாற்பது கேள்விக்குத் தொண்ணூறு நிமிடம் என்றால் ஒன்றுக்கு இரண்டேகால் நிமிடம். ராணுவத்துக்குக் கிடைக்காத விடை உங்கள் மகளுக்கு அதற்குள் கிடைத்தாக வேண்டும். “பத்தியில சொல்லலையே” என்று அவள் இழுத்தால் அதட்டுங்கள். ஏதாவது ஒன்றைக் கறுப்பாக்கச் சொல்லுங்கள்.

9. தவறுக்குக் காரணம் கேட்காதீர்கள்

சிவப்புப் பேனா. சரி, தவறு. கூட்டு. நாற்பதுக்கு எத்தனை? போன வாரம் எத்தனை? பெரியம்மா மகனுக்கு எத்தனை? இந்த மூன்று கேள்வி போதும்.

“ஏன் இதைத் தேர்ந்தெடுத்தே?” என்ற நான்காவது கேள்வி உதட்டுவரை வரும். விழுங்கிவிடுங்கள். கேட்டால் அவள் காரணம் சொல்லத் தொடங்குவாள். காரணம் சொல்ல அவள் பத்திக்குத் திரும்ப வேண்டியிருக்கும். திரும்பிப் போனவள் அங்கேயே உட்கார்ந்து படித்துவிடுவாள். நமக்கு இன்னும் மூன்று பத்தி பாக்கி இருக்கிறது.

10. அடுத்த பிள்ளையின் மேலும் ஒரு கண் வையுங்கள்

மூத்தவளை நீங்கள் இப்படி மும்முரமாகப் பயிற்றுவிக்கும்போது சின்னவள் சமையலறையில் இருப்பாள். ஐந்து வயது. சத்தமே இல்லை என்றால் உடனே எழுந்து போய்ப் பாருங்கள். தேயிலைப் பொட்டலத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருப்பாள். எத்தனை நிமிடம் ஊறவிடச் சொல்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, அம்மா அவ்வளவு நேரம் விடுவதில்லையே என்று சந்தேகமும் கேட்பாள்.

பதற்றப்படாமல் பொட்டலத்தை வாங்கி மேல்தட்டில் வையுங்கள். முதலில் பத்துக் கேள்வி தயார் செய்யுங்கள். பிறகு கொடுக்கலாம்.